கருங்குழிநத்தத்தில் கைகள் எழுந்த மாசி மாதம்

மாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கம்பெனி வேன் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கருங்குழிநத்தத்தின் நடுத்தெருவில் நுழைந்து, சுரங்க விரிவாக்கம் குறித்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இந்த மாதக் கடைசி வெள்ளியன்று நடக்கும் என்று அறிவித்தபோது, தெருவில் நின்ற அத்தனை பேரின் வலது கையும் எழுந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களின் கை பையோடு எழுந்தது, டீக்கடைக்காரர் கை கொதிக்கிற பாலோடு எழுந்தது, கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் கை மட்டையோடு எழுந்து அவர் தலையிலேயே சொட்டியது, மாட்டுக்குத் தவிடு வைத்த பெண்ணின் கை தவிட்டோடு எழுந்தது. எழுந்த கைகள் வேன் தெருமுனை திரும்பி 'சுரங்கம்' என்ற சொல் காதில் விழாமல் போகும்வரை நின்றன. பிறகு இறங்கின. டீக்கடைக்காரர் தோளில் கொப்புளம் வந்ததற்குத் தேங்காயெண்ணெய் தடவினார்கள். ரேஷன் கடைக்காரர் சர்க்கரையைத் தரையில் கொட்டியதற்குத் திட்டு வாங்கினார்.

யாரும் வாய் பிளக்கவில்லை. யாரும் தொடாமலே வீட்டுச் சுவர் விரிசல் விடுவதையும், ஐப்பசி முழுக்க மழை கொட்டியும் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் ஊறாததையும், பழைய சுரங்கம் தோண்டிய நாளிலிருந்து பதினெட்டு வருஷமாகப் பார்த்து வந்த ஜனங்கள் அவர்கள். கை ஏன் எழுந்தது என்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. யார் செய்தது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது, அது மத்தியானச் சோற்றுக்குள் தெரிந்துவிட்டது. கை எழாதவர்கள் ஊரில் பத்தொன்பது பேர். அந்தப் பத்தொன்பது பேரும் தை மாதத்தில் கொளஞ்சி வீடு வீடாக நீட்டிய தொடுதிரை டேப்பைத் தொடாதவர்கள்.

கொளஞ்சிக்கு முப்பத்தாறு வயது. திட்டக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் நான்கு வருஷம் இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் ஒரு பையோடு பஸ் ஏறித் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாததால் ஊர் ஆளுக்கொரு காரணத்தைச் செய்து வைத்துக்கொண்டது. அண்ணன் கலியபெருமாள் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில் பதினோரு வருஷம் இருந்தாள். கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்க உலக்கையைத் தொடப் போனால், "நீ அப்பிடிப் போயி உக்காரு" என்பார்கள். வரிசைத் தட்டைத் தூக்கப் போனால் வேறொரு கை வந்து வாங்கிக்கொள்ளும். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் மனு எழுத மட்டும் கூப்பிடுவார்கள். எழுதி முடித்ததும் காகிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள்.

அப்படி இருந்தவளைத் தேடித்தான் சென்னையிலிருந்து நிகில் வந்தான். அவன் சுரங்கக் கம்பெனிக்காரன் இல்லை, கம்பெனிக்குப் பிரச்சாரம் செய்து கொடுக்கும் ஆபீஸ்காரன். தேர்தல் வந்தால் ஓட்டுக்கும் தேர்தல் இல்லாதபோது மற்றவற்றுக்கும் அந்த ஆபீஸ் ஆதரவு திரட்டித் தரும். அவன் மடிக்கணினியைத் திறந்தபோது கருங்குழிநத்தத்தின் வரைபடம் வந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு சாம்பல் புள்ளி. ஆதரவு கிடைத்தால் புள்ளி பச்சையாகும், எதிர்த்தால் சிவப்பாகும் என்று காட்டினான். வீடு வீடாகக் கொண்டுபோக ஒரு டேப்பும், கழுத்தில் மாட்டிக்கொள்ள 'கொளஞ்சி, ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்த அட்டையும் கொடுத்தான். கொளஞ்சி வாழ்க்கையில் தன் பெயரை அச்செழுத்தில் பார்த்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அதுதான்.

"அக்கா, நீங்க யாரையும் கட்டாயப்படுத்த வேணாம். முதல்ல அவங்களுக்கு என்ன குறைன்னு கேளுங்க. அந்தக் குறையோட பேரச் சொல்லித் தொடச் சொல்லுங்க. அவ்வளவுதான்," என்றான் நிகில்.

"இந்த ஊருல எல்லாருக்கும் ஒரே குறைதாங்க. தண்ணி."

"சூப்பர்க்கா. அப்ப உங்க வேலை ஈஸி."

டேப்பில் ஒரு பச்சை வட்டம் இருந்தது. அதற்கு மேலே, எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில், 'சுரங்க விரிவாக்கத்தை ஆதரிக்கிறேன்' என்று எழுதியிருந்தது. கொளஞ்சி அதைப் படித்தாள். படித்துவிட்டுத்தான் வீடு வீடாகப் போய், "குடிதண்ணிக் குழாய்க்கு மனு போடுறம், இங்க தொடுங்க" என்றாள். தெரியாமல் செய்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்ற முடியாது. அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தை மாதத்தில் வீட்டுக்கு வீடு அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள், மோர் கொண்டுவந்தார்கள், அட்டையைப் பார்த்துவிட்டு "மேடம்" என்றார்கள். தன் மகளின் நலங்குக்கு வந்த கொளஞ்சியை வாசலோடு திருப்பி அனுப்பிய பொன்னரும்பு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "எங்க தொடணும் சாமி, சொல்லு" என்று கேட்டாள். அந்தக் கேள்வி கொளஞ்சியின் உடம்பெல்லாம் தேன் மாதிரி இறங்கியது. பொன்னரும்பு தொட்ட பிறகு, உள்ளே படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் புருஷன் பழமலையின் விரலையும் கொளஞ்சியே பிடித்துப் பச்சை வட்டத்தில் வைத்தாள். தொடுவது எப்படி என்று காட்டுவதற்காக ஒவ்வொரு தெருவிலும் முதலில் தானும் தொட்டாள். இருபது நாளில் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று பேர்.

கைகள் எழ ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. 'அது' என்றார்கள், 'மேக்கால பள்ளம்' என்றார்கள். குழந்தையை இடுப்பில் தூக்குகிற பெண்கள் இடது பக்கம் தூக்கப் பழகினார்கள். சவரக்கடையில் ரேடியோவை நிறுத்திவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். டீக்கடையில் இடது கையால் ஆற்றிய டீக்கு நுரை வராது என்று இரண்டு நாள் புலம்பிவிட்டு நுரையில்லாத டீயைக் குடித்தார்கள். அதோடு, அந்தச் சொல் ஒரு ஆயுதம் என்பதையும் ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. வரப்புத் தகராறு உள்ளவன், எதிராளி தலையில் புல்லுக்கட்டோடு வாய்க்கால் தாண்டும்போது பார்த்து அந்தச் சொல்லைக் கத்தினான். கத்தியவன் கையும் எழுந்தது, ஆனாலும் விழுந்தது மற்றவன்தான். குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனைப் பார்த்துக் கீழத்தெருப் பெண் ஒருத்தி, அவன் ஓங்கிய கை இறங்குவதற்குள் அந்தச் சொல்லைச் சொல்ல ஆரம்பித்து, அவன் கை வலித்து அழுகிறவரை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், தன் கையும் கூடவே நின்று வலித்ததைப் பொருட்படுத்தாமல். "சுரங்கம் நாசமாப் போவ" என்று மண்ணை வாரித் தூற்றிப் பார்த்தார்கள். மண்ணோடு கை மேலே போய் நின்றது. திட்டினாலும் சரி, சபித்தாலும் சரி, கைக்கு அந்தச் சொல் ஒன்றுதான் கேட்டது.

எட்டாம் நாள் ஊருக்கு மேலே வண்டு இரைகிற மாதிரி சத்தம் வந்தது. ட்ரோன். அதற்குக் கீழே வேன் மூன்று தரம் சுற்றி வந்தது. மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் ஒரு வீடியோ வந்து விழுந்தது. மேலிருந்து பார்க்கும்போது ஊர் அழகாக இருந்தது. ஓட்டு வீடுகள், வேப்பமரங்கள், தெருத் தெருவாக எழுந்து நிற்கிற கைகள். 'வளர்ச்சிக்காக எழுந்தது ஒரு கிராமம்' என்று எழுத்து ஓடியது, பின்னால் நாதஸ்வரம் வாசித்தது. திருப்பூரில் தைக்கப் போனவர்களும் கேரளாவில் கட்டட வேலைக்குப் போனவர்களும் போன் செய்து, "என்னாத்துக்குக் கைய தூக்குனீங்க? நம்ம நெலம்தான போவுது? புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சந்தையில் இவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கொளஞ்சியின் கதவில் தினமும் சாணித் தண்ணீர் வழிந்தது. மளிகைக் கடையில் அவள் முறை வரும்போது கடைக்காரர் உள்ளே போய்விட்டார். அடிபம்பில் அவள் குடத்தைக் கண்டதும் பெண்கள் கைப்பிடியை விட்டுவிட்டு நகர்ந்தார்கள், அவள் அடித்து முடிக்கும்வரை காறித் துப்பிக்கொண்டே நின்றார்கள். ஒருத்தர் மட்டும் அவளிடம் அன்பாக இருந்தார். கலியபெருமாள். கூட்டம் நல்லபடி முடிந்தால் கம்பெனியில் கல் ஏற்றுகிற லாரி ஓட்டம் அவருக்கு என்று பேச்சு. "நீ சாப்புடு பாப்பா, ஊரு பேசும், அப்பறம் மறந்துடும்" என்று பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தன் கையால் தட்டில் மீன் எடுத்து வைத்தார். மற்றவர்கள் துப்பியதைவிட அந்த மீன்தான் அவள் தொண்டையில் நின்றது.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது பழமலை இறந்தார். பாடை நடுத்தெரு தாண்டிச் இடுகாட்டுப் பாதையில் திரும்பும்போது எதிரே வேன் வந்தது. பறைச் சத்தத்துக்கு மேலே ஒலிபெருக்கி அந்தச் சொல்லைச் சொன்னது. தூக்கியவர்கள் வலது கையை விட்டதில் பாடை சாய்ந்தது, இடது தோளை முட்டுக் கொடுத்து விழாமல் பிடித்தார்கள். அப்போது மாலைகளுக்கு நடுவிலிருந்து பழமலையின் வலது கை எழுந்தது. மெலிந்து, நரம்போடி, உள்ளங்கை வானத்தைப் பார்க்க எழுந்தது. வேன் போனதும் மற்றவர்கள் கை இறங்கியது, அவர் கை இறங்கவில்லை. தேய்த்துவிட்டுப் பார்த்தார்கள், துணியால் கட்டிப் பார்த்தார்கள், மூத்த மகன் மண்டியிட்டு, "எறக்குப்பா, போதும்ப்பா" என்று கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் குழியை இன்னும் இரண்டு முழம் ஆழமாகத் தோண்டி, கையோடு புதைத்தார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பியபோது, பொன்னரும்பின் மருமகள் கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். பாடையும் எழுந்த கையும் அதில் படமாக இருந்தன. வேனிலிருந்து எடுத்த படம். 'கடைசிப் பயணத்திலும் ஆதரவு' என்று கீழே எழுதியிருந்தது. பொன்னரும்பு அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள், இரண்டாம் முறையும் படித்தாள், போய்த் தண்ணீர் இல்லாத கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம் கொளஞ்சி நிகிலுக்குப் போன் செய்தாள்.

"அந்தப் படத்த எடுத்துடுங்க."

"அக்கா, நாலு லட்சம் பேர் பாத்துட்டாங்க. இனிமே எடுத்து என்ன ஆகப் போகுது?"

"அப்ப பேரயெல்லாம் அழிச்சுடுங்க. நான் தண்ணிக்குன்னு சொல்லித்தான் தொட வச்சன். அவங்களுக்குத் தெரியாது."

"எனக்கு எப்படித் தெரியும்க்கா நீங்க என்ன சொன்னீங்கன்னு? திரையில தெளிவா எழுதியிருக்கு. தொட்டது அவங்க விரல்."

"பழமல பெரியப்பா வெரல நான்தான் புடிச்சு வச்சன்."

நிகில், "அத யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, உங்களுக்குத்தான் பிரச்சன" என்று, உண்மையாகவே அவளுக்கு நல்லது சொல்கிற குரலில் சொன்னான்.

கடைசி வெள்ளிக்கிழமை, கல்யாண மண்டபத்தில் ஆயிரம் நாற்காலி போட்டும் போதாமல் ஜனம் சுவரோரம் நின்றது. மேடையில் விசாரணை அதிகாரி, கம்பெனி ஆட்கள், சுருக்கெழுத்துக்காரர். மூன்று மூலையில் கேமரா. பலர் வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் காதில் பஞ்சு அடைத்திருந்தார்கள். கம்பெனி அதிகாரி மைக்கைப் பிடித்து, "இந்த ஊர் மக்களின் மனம் எங்களுக்குத் தெரியும். சுரங்க விரிவாக்கத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். துண்டுகள் அவிழ்ந்தன, கிழிந்தன. பஞ்சு அடைத்தவர்கள் கையும் எழுந்தது. எழுந்த கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அழுதவர்களும், பக்கத்தில் இருந்தவன் கையைக் கடித்து இறக்கப் பார்த்தவர்களும் உண்டு. கேமராக்கள் பொறுமையாக மண்டபத்தைத் தடவிக்கொண்டு நகர்ந்தன. கேமராவுக்குப் பின்னால் நின்ற நிகில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்தில், சுற்றிலும் நான்கு நாற்காலி காலியாக விடப்பட்டு ஒற்றையாக உட்கார்ந்திருந்த கொளஞ்சி, எழுந்த கையோடு எழுந்து நின்று கத்தினாள்.

"சுரங்கம் வேணாங்கிறவங்க கைய தூக்குங்க!"

இறங்கத் தொடங்கிய கைகள் மறுபடி மேலே போயின. அதே ஆயிரத்துச் சொச்சம் கைகள், அதே உயரத்தில். கம்பெனி அதிகாரி, "இதைப் படம் எடுக்காதீர்கள்" என்றார். விசாரணை அதிகாரி எடுக்கச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கிற மனிதருக்குரிய சலிப்போடு, "இந்த ஊரில் கையை வைத்து ஒன்றும் எழுத முடியாது. ஒவ்வொருவராக வந்து பேரைச் சொல்லி, வாயால் சொல்லுங்கள்" என்றார்.

முதலில் போனது கொளஞ்சி. போகிற வழியெல்லாம் "அவள ஏத்தாத", "கம்பெனிக் கூலி", "செருப்பால அடி" என்று குரல்கள். ஒரு தண்ணீர்ப் பாட்டில் அவள் முதுகில் வந்து விழுந்தது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பேரு கொளஞ்சி. டேப்புல என்னா எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் சார். படிச்சன். படிச்சுட்டுத்தான் தண்ணிக்கு மனுன்னு சொன்னன். அவுங்க யாரும் அதுக்கு ஆதரவு தரல. நான் பொய் சொன்னன். என்னய மேடம்னு கூப்புட்டாங்க. அதுக்காவ சொன்னன். படுக்கையில கெடந்த பழமல பெரியப்பா வெரல நான்தான் புடிச்சு..."

மண்டபத்தின் நடுவிலிருந்து பொன்னரும்பு எழுந்து வந்தாள். தாலி அறுத்து எட்டு நாள்கூட ஆகாதவள் வருகிறாள் என்று கூட்டம் விலகி வழி விட்டது. அவள் படியேறி, கொளஞ்சிக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் வலது கை எழுந்தது. யாரோ அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து எல்லோரும் தங்கள் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கைகள் மடியில் கிடந்தன. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த மண்டபத்தில் பொன்னரும்பின் கை மட்டும் எழுந்திருந்தது, அதை எழுப்பியவள் பொன்னரும்பு.

அறை விழுந்த சத்தத்தை மைக் வாங்கி நான்கு மூலையிலும் போட்டது. போலீஸ்காரர் ஒருவர் மேடையேறினார்.

"விடுங்க சார்," என்றாள் கொளஞ்சி. உதடு கிழிந்திருந்தது. மைக்கைப் பொன்னரும்பின் பக்கம் திருப்பி வைத்தாள். "எழுதிக்குங்க. அடுத்தது அவுங்க."

"பொன்னரும்பு. பழமல பொண்டாட்டி," என்று அவள் கத்தினாள். "வேணாம். எங்களுக்குச் சுரங்கம் வேணாம்." சொன்ன பிறகுதான் எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கீழே அத்தனை கைகளும் எழுந்து நின்றன. அவள் கை எழவில்லை. பக்கத்தில் கொளஞ்சியின் கையும் எழவில்லை.

அதைப் பார்த்த பிறகு மைக்குக்கு வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு நீண்டது. முண்டியடித்தார்கள், முந்தப் பார்த்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தன் வாயால் சொன்னவன் கை அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. வேண்டாம் என்றவனுக்கும் கிடைத்தது, வேண்டும் என்றவனுக்கும் கிடைத்தது. வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், யாரும் நினைத்திராத வீடுகளிலிருந்து இருந்தார்கள். அது தெரிந்தபோது வரிசையிலேயே இரண்டு இடத்தில் அடிதடி நடந்தது. வெயில் சாயும் நேரத்தில் கலியபெருமாள் வந்து, தங்கச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டே, "சுரங்கம் வேணும். எனக்கு வேணும்" என்றார். அவர் கை தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மண்டபத்தில் ஏழெட்டுக் கைகள் எழுந்தன. நமக்கென்ன என்று மைக்குக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர்களின் கைகள் அவை. இன்றைக்கும் அவை எழுகின்றன.

அதிகாரி மூன்று கட்டுக் காகிதம் எழுதி எடுத்துப் போனார். அந்த வருஷம் அனுமதி வரவில்லை. மறுத்துவிட்டோம் என்றும் யாரும் எழுதி அனுப்பவில்லை. நிகில் வேறு மாவட்டத்துக்கு வேறு வரைபடத்தோடு போய்விட்டான் என்றார்கள்.

மறுநாள் காலை கொளஞ்சியின் பையும் பாத்திரங்களும் வாசலில் கிடந்தன. அண்ணி உள்ளேயிருந்து கதவைத் தாழ்போட்டிருந்தாள். கொளஞ்சி பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நடுத்தெருவில் ஒருத்தரும் பேசவில்லை. பேசிவிட்டால் மன்னித்ததாகிவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். அவளும் யார் வாசலிலும் நின்று மன்னிப்பு கேட்கவில்லை. நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைக் கண்டதும் எழுந்து, பெஞ்சு முழுவதையும் அவளுக்கே விட்டு வெயிலில் போய் நின்றார்கள். அவள் நடுவில் உட்கார்ந்தாள். வீங்கிய கன்னம் எல்லோருக்கும் தெரியும்படி நேராக உட்கார்ந்தாள்.

விருத்தாசலம் பஸ் வந்தது. வெயிலில் நின்றவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு அவள் பையைப் பார்த்தார்.

"என்னம்மா, வரலியா?"

"இல்ல," என்றாள் கொளஞ்சி. "நான் இந்த ஊரு."